பி.டி.எஃப். தம்பி

அலங்காநல்லூர்ப் பக்கம் காளைகளுக்கே இன்ஸ்டாகிராமில் பக்கம் உண்டு. காளை மண்ணைக் குத்தும், கண்மாயில் நீந்தும், வாடிவாசலில் சீறும். பின்னணியில் சினிமாப் பாட்டு ஓடும். மாட்டுக்கே இத்தனை என்றால், அதை அவிழ்த்துக் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு எத்தனை இருக்கும்? அவனுக்கு இரண்டு கணக்கு. ஒன்றில் அவனும் காளையும் நிற்கிறார்கள். இன்னொன்றில் அவனும் ஒரு பொது அறிவுப் புத்தகமும். இரண்டிலும் கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறான்.

தெருவுக்கு ஒருவனாவது இப்படித் தென்படுவான். வயது இருபத்தொன்று. மதுரையில் ஏதோ ஒரு கல்லூரியில் பட்டப்படிப்பை முடித்தாயிற்று. "என்ன தம்பி பண்றீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால், "டி.என்.பி.எஸ்.சி.க்கு ப்ரிப்பேர் பண்றேண்ணே" என்பான். அந்தப் பதிலுக்கு ஊரில் நல்ல மரியாதை. கரும்பு போட்டவர்கள் வீட்டில் இன்னும் கூடுதல் மரியாதை. இங்குள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையில் அரவை நின்றுபோன பிறகு, மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலை எதுவானாலும் அதற்குக் குலதெய்வத்துக்கு அடுத்த இடம்.

அவனுக்குப் பி.டி.எஃப். தம்பி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவனுடைய கல்விச் சொத்து முழுவதும் அந்த வடிவத்தில்தான் இருக்கிறது.

டெலிகிராமைத் திறந்தால் வெற்றி, இலக்கு, சிகரம், அதிகாரி என்ற நான்கு சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பெயர் வைத்த குழுக்கள் வரிசையாக நிற்கும். காலையில் ஒரு நடப்பு நிகழ்வுத் தொகுப்பு, மத்தியானம் முந்தைய ஆண்டு வினாத்தாள், ராத்திரி 'இதை மட்டும் படித்தால் போதும்'. தம்பி எதையும் விடுவதில்லை, எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடுவான். எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் மட்டும் அவனிடம் நான்கு இருக்கிறது: 'ஃபைனல்', 'நியூ ஃபைனல்', 'ஒரிஜினல்', 'ஒரிஜினல் இதுதான்'. நான்கும் ஒரே புத்தகம். அரசு பாடநூல் கழகம் இணையத்தில் இலவசமாகப் போட்டிருப்பதுதான், குழுவுக்குக் குழு கைமாறி, மாறும்போதெல்லாம் பக்கத்தின் குறுக்கே ஒரு முத்திரையும் வாங்கிக்கொண்டு வருகிறது. வேலு நாச்சியார் சிவகங்கையை மீட்ட ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு பயிற்சி மையத்தின் செல்போன் எண் உட்கார்ந்திருக்கிறது. 1780 என்பதில் 17 மட்டும் தெரிகிறது. மீதியைத் தம்பி ஊகித்துக்கொள்கிறான்.

ஒரு கோப்பு முழுசாக இறங்கியதும் அவன் முகத்தில் வருகிற நிம்மதி, புத்தகத்தை உண்மையிலேயே படித்து முடித்தவன் முகத்தில்கூட வராது.

வீட்டில் இதை நம்பாத ஒரே ஆள் அப்பத்தா.

"ஏண்டா, விடிஞ்சதுலருந்து அதையே நோண்டிக்கிட்டு இருக்கியே, படிக்கலையா?"

"படிச்சுக்கிட்டுத்தான அப்பத்தா இருக்கேன்."

"வாயே அசையலையேடா?"

அப்பத்தா அறிந்த படிப்பு திண்ணையில் உட்கார்ந்து படித்தால் தெருமுனை வரை கேட்கும். மனசுக்குள்ளேயே படிப்பது இப்போதைய முறை என்று தம்பி விளக்க ஆரம்பித்தான். அதற்குள் செல்போனிலிருந்து வடிவேலு குரல் கேட்டுவிட்டது.

தம்பியைத் திட்டுவதற்கு முன் அவன் ஜாதகத்தையும் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது அவன் ஏழாவது படித்துக்கொண்டிருந்தான். இலவச டேட்டா வீட்டுக்குள் நுழைந்த ஐந்தாவது மாதம், நாட்டுக்கே பாடம் நடத்துகிற வேலை அவன் ஊருக்கு வந்து சேர்ந்தது.

ஜல்லிக்கட்டுக்கு உச்ச நீதிமன்றம் 2014 மே 7 அன்று தடை விதித்திருந்தது. 2017 பொங்கலுக்கும் வாடிவாசல் திறக்கவில்லை. ஜனவரி 16 அன்று அலங்காநல்லூரில் திரண்டவர்கள் ராத்திரி முழுக்க நகராமல் உட்கார்ந்திருக்க, மறுநாள் காலையில் போலீஸ் அவர்களைக் கைது செய்தது. அந்த வீடியோக்கள் வாட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பரவ, மெரினாவில் கூட்டம் சேர்ந்தது. பிறகு நடந்தது ஊரறிந்த கதை. ஊர் அவ்வளவாகக் கவனிக்காத இன்னொன்றும் அந்த வாரம் நடந்தது. ஏழாம் வகுப்புப் பையன்கள் சட்டம் படித்தார்கள். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், காட்சிப்படுத்தக் கூடாத விலங்குகளின் பட்டியலில் காளையைச் சேர்த்த 2011ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கை, ஆளுநரின் அவசரச் சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் என்று எல்லாம் டீக்கடைப் பேச்சில் புரண்டன.

ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம் வந்தது. வாடிவாசலைத் திறந்துவைக்க மதுரை வரை வந்த அன்றைய முதல்வர் ஓ. பன்னீர்செல்வம், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊர் ஒரே பிடியாக நின்றதால் திறக்காமலே திரும்பினார். அன்றைக்கு டீக்கடையில் ஒரு பெரியவர், "அவசரச் சட்டம்னா ஆறு மாசந்தான்ப்பா செல்லும்" என்றார். பெஞ்சின் ஓரத்தில் இருந்த நம்ம பொடியன், "ஆறு மாசம்னு இல்ல பெரியப்பா, சட்டசபை கூடுனதுலருந்து ஆறு வாரம்" என்றான். கடை ஒரு நிமிஷம் அமைதியானது. பெரியவர் அவன் அப்பா பேரை விசாரித்தார். 23 அன்று சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறி, பிப்ரவரி 10 அன்று வாடிவாசல் திறந்தது. கோயில் மாடு முதலில் வந்தது. வழக்கம்போல் அதை யாரும் தொடவில்லை.

அரசியலமைப்புப் பகுதியில் தம்பி இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சரியாகப் போடுகிற கேள்வி அவசரச் சட்டம் பற்றியதுதான். அதற்கு மட்டும் அவனிடம் பி.டி.எஃப். கிடையாது.

அடுத்த கட்டம் 2018. ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பாடப்புத்தகம் வந்தது. உள்ளே க்யூ.ஆர். கோடு, செல்போனைக் காட்டினால் பாடம் வீடியோவாக வரும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குச் செல்போன் கொண்டுவந்தால் அப்பாவைக் கூட்டிவரச் சொல்வார்கள். அரசு ஒரு கையால் நீட்டிய சாவியைத் தலைமையாசிரியர் மறு கையால் வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டிய காலம் அது.

2020 ஜூன் மாதத்தைத் தம்பி மறக்க மாட்டான். 9ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்து, எல்லோரும் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 விழுக்காடு, வருகைக்கு 20 விழுக்காடு. 29ஆம் தேதி டிக்டாக்குக்குத் தடை. முதல் செய்திக்கு வீட்டில் கேசரி கிண்டினார்கள். இரண்டாவது செய்திக்கு அவன் இரண்டு வேளை சாப்பிடவில்லை.

பதினொன்றாம் வகுப்பு பாதி கல்வித் தொலைக்காட்சியிலும் பாதி வாட்ஸ்அப்பிலும் நடந்தது. காலை ஒன்பது மணிக்குக் குழுவில் வரிசையாக 'குட் மார்னிங் சார்' விழும். அதுதான் வருகைப் பதிவேடு. மாணவனுக்குப் பதில் தங்கச்சியே அனுப்பிவிடலாம், அனுப்பினாள். கணக்கு வாத்தியாரின் குரல் பதிவில் திரிகோணமிதிக்கு நடுவே குக்கர் மூன்று விசில் விடும். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் அப்பாவோடு பால் சொசைட்டிக்குப் போய்வந்த பிறகுதான் இயற்பியல் தொடங்கும். வீட்டுப்பாட நோட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். தொழுவத்து வெளிச்சத்தில்தான் படம் தெளிவாக விழும் என்பதால், தம்பியின் வேதியியல் சமன்பாடுகள் பலவற்றில் மூலையில் ஒரு கன்றுக்குட்டியின் காது இருக்கும். ஆசிரியர் அதற்கும் டிக் போட்டார்.

பிறகு 2022 பிப்ரவரி. பன்னிரண்டாம் வகுப்புத் திருப்புதல் தேர்வின் வினாத்தாள்கள் முந்தைய நாளே ஷேர்சாட்டில் உலா வந்தன. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து கசிந்ததாக விசாரணையில் தெரியவந்தது. அலங்காநல்லூருக்கும் வந்து சேர்ந்தது. ஒரு சிக்கல்: வினாத்தாள்தான் வந்தது, விடை வரவில்லை. விடை எந்தக் குழுவில் வரும் என்று தம்பி விடிய விடியக் காத்திருந்தான். அந்த நேரத்தில் ஐந்து மதிப்பெண் வினா நான்கையாவது படித்திருக்கலாம்.

கசிவு என்ற சொல்லின் மேல் அவனுக்கு இருக்கும் ஈர்ப்பு அப்போது பிடித்ததுதான். அது அவனுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. 2025 நீட் தேர்வுக்கு முன்னால், 'தாள் கையில் இருக்கிறது' என்று கதை விட்டதாகத் தேசியத் தேர்வு முகமை அடையாளம் காட்டியவை 106 டெலிகிராம் சேனல்களும் 16 இன்ஸ்டாகிராம் கணக்குகளும். வாங்க ஆள் இல்லாமல் இவ்வளவு கடை திறப்பார்களா?

இப்படி வளர்ந்தவன்தான் டி.என்.பி.எஸ்.சி.யின் குரூப் 4 எழுத வந்திருக்கிறான். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு. எழுதுவதோ பட்டதாரிகளும் பொறியாளர்களும். 2025 ஜூலை 12 தேர்வுக்கு அறிவித்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். பாதி கேள்வி தமிழில். அதில் நாற்பது விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள்.

இதற்குத் தம்பி தயாராகும் விதம் முப்பது விநாடி வகுப்புகள். யூடியூப் ஷார்ட்ஸும் இன்ஸ்டா ரீல்ஸும் 2020இல்தான் இந்தியாவில் வந்தன. டிக்டாக் காலி செய்த இடத்தில் வாத்தியார்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். ஐந்திணையை மறக்கவே முடியாதபடி ஒரே சொல்லில் தருகிறார் ஒருவர்: குமுமநெபா. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை. பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி சிக்கந்தர்சாவடி தாண்டும் வரை தம்பி மந்திரம் மாதிரி 'குமுமநெபா, குமுமநெபா' என்று முணுமுணுத்தான். பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார். ஊர் வந்து இறங்கியவனை எதிர்வீட்டு அக்கா நிறுத்தி, "பாலைக்குச் சிறுபொழுது எதுடா?" என்று கேட்டாள். குமுமநெபாவை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தான். அதற்குள் சிறுபொழுது இல்லை. மணி பன்னிரண்டரை. நண்பகல் வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. விடை அவன் மண்டையைச் சுட்டுக்கொண்டே இருந்தும் அவனுக்கு வரவில்லை.

எளிதாகப் புரிகிற வீடியோவைப் பார்த்தால் கற்றுவிட்டதாகத் தோன்றுவது மனித இயல்பு என்கிறார்கள் ஆய்வாளர்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கர்தாஸும் எட் ஓ'பிரையனும் 2018இல் வெளியிட்ட சோதனைகள் சுவையானவை. மேசைமேல் இருக்கும் தட்டு, கோப்பை எதுவும் விழாமல் விரிப்பை மட்டும் உருவுகிற வித்தை, மைக்கேல் ஜாக்சனின் மூன்வாக் நடனம் போன்றவற்றின் வீடியோவைச் சிலருக்கு ஒரு தடவையும் சிலருக்கு இருபது தடவையும் காட்டினார்கள். இருபது தடவை பார்த்தவர்களுக்குத் தன்னம்பிக்கை ஏறியது. ஆடச் சொன்னபோது ஆட்டம் ஏறவில்லை.

இந்த ஊரில் இதற்கு சிகாகோ வரை போக வேண்டியதில்லை. திமிலை அணைகிற வீடியோவை ஆயிரம் தடவை பார்த்த பையன்கள் தெருவில் இருக்கிறார்கள். எந்தக் காளை இடப்பக்கம் திரும்பும், எந்த வீரர் எந்தக் கால் முன்வைத்தார் என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வார்கள். வாலைப் பிடித்தால் செல்லாது, கொம்பைப் பிடித்தால் செல்லாது என்ற சட்டமெல்லாம் அத்துப்படி. ஆனால் அவர்களில் ஒருவனும் வாடிவாசல் முன்னால் தேங்காய் நாரில் கால் வைக்கத் துணிய மாட்டான். மாட்டு விஷயத்தில் இந்த அறிவு தம்பிக்கு முழுசாக இருக்கிறது. பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு என்று அவனே மற்றவர்களுக்குச் சொல்வான். சிந்துவெளி நாகரிகப் பாடத்துக்கும் அதே சட்டம்தான் என்பது மட்டும் ஏனோ அவனுக்கு எட்டவில்லை.

மதுரை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறந்ததிலிருந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி அங்கே போகிறான். 2.13 லட்சம் சதுர அடி, குளிர்சாதனம், போட்டித் தேர்வுக்கென்று தனிப் பகுதி. சும்மா உட்கார்ந்திருந்தாலே மார்க் வரும் போலிருக்கிற கட்டடம். தம்பி அங்கே செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்துவைத்து, தான் படிப்பதைத் தானே படம் எடுக்கிறான். 'ஸ்டடி வித் மீ' என்று இதற்கு உலகம் முழுக்கப் பெயர். அவன் படிப்பதைப் பார்த்துக்கொண்டே இன்னொருவன் எங்கேயோ படிப்பானாம். நான்கு மணி நேரம் ஓடிய ஒரு பதிவில் தம்பி பக்கத்தைத் திருப்பியது மூன்று தடவை. கேமரா சரியாக இருக்கிறதா என்று பார்த்ததுதான் அதிகம். கீழே ஒருவர் 'செம டெடிகேஷன் ப்ரோ' என்று எழுதியிருந்தார்.

எதிர்வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் செல்போன் மேலேயே பழியைப் போட்டதாகிவிடும். அவளும் அதே யூடியூப் வாத்தியார்களைத்தான் பார்க்கிறாள். எல்.எம்.இ.எஸ்., மிஸ்டர் ஜிகே என்று தமிழில் அறிவியல் சொல்பவர்களை அவளும் விடுவதில்லை. சாயங்கால வகுப்புக்கு மதுரைக்கு அனுப்ப அவள் வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி பஸ்ஸை விட்டுவிட்டால் யார் போய்க் கூட்டிவருவது என்பது அவள் அப்பாவின் கேள்வி. பத்து வருஷத்துக்கு முன்னால் என்றால் அவள் படிப்பு அந்தக் கேள்வியோடு முடிந்திருக்கும். இப்போது வகுப்பு அடுப்படிக்கே வருகிறது, காசும் கேட்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே சமூக ஊடகத்துக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஆனால் அவளிடம் ஒரு கெட்ட பழக்கம். வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு, இதுவரை கேட்டதை நோட்டில் எழுதிப் பார்க்கிறாள். ராத்திரி ஒன்பது மணிக்குப் பத்துப் பேர் இருக்கிற சின்ன டெலிகிராம் குழுவில் வினாடி வினா நடத்துகிறாள். கேள்விக்கு இருபது விநாடி, அதற்குள் அழுத்த வேண்டும். தப்பாகப் போட்டால் சிவப்பு விழுந்து எல்லோருக்கும் தெரிந்துவிடும். தம்பி இரண்டு நாள் அந்தக் குழுவில் இருந்தான். மானம் போகிறது என்று மூன்றாம் நாள் வெளியேறிவிட்டான். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் இதையே சோதித்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்களும், ஒரு தடவை வாசித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களும் மோதினார்கள். ஐந்து நிமிஷத்தில் கேட்டபோது வாசித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வாணையம் ஐந்து நிமிஷத்தில் தேர்வு வைப்பதாக இருந்தால் தம்பியை அசைக்க முடியாது.

அந்த இரண்டு நாளில் அவனை அதிகம் நோகடித்த கேள்வி ஒன்று உண்டு. கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் எந்த நாளில் திறக்கப்பட்டது? கீழக்கரை இவன் வீட்டிலிருந்து பைக்கில் போய்வருகிற தூரம். 2024 ஜனவரி 24 அன்று திறப்பு விழாக் கூட்டத்தில் இவனே நின்றான். செல்ஃபியும் எடுத்தான்; அது தேதியோடு கேலரியில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் முந்தைய நாள் பார்த்த ஒரு ரீலில் வேறு தேதி சொன்னார்கள். தம்பி ரீலை நம்பி அழுத்தினான். சிவப்பு.

"நீதானடா அங்க போயிருந்த?" என்றாள் அக்கா.

"போயிருந்தேன். ஆனா அவரு கரண்ட் அஃபேர்ஸ்ல எக்ஸ்பர்ட்டுக்கா."

ஜூலை 12 வந்தது, எழுதினான். தமிழ்ப் பகுதி கடினம் என்று அன்று மத்தியானமே எல்லாக் குழுக்களிலும் ஒப்பாரி. சாயங்காலத்துக்குள் மூன்று பயிற்சி மையங்களின் உத்தேச விடைகள் வந்துவிட்டன. முதல் விடைப்படி தம்பிக்கு 151 சரி, இரண்டாவதுபடி 143, மூன்றாவதுபடி 162. அவன் மூன்றாவது குழுவில் சேர்ந்துகொண்டான். ராத்திரி சாப்பாட்டில் அப்பா கேட்டார்:

"எத்தனைடா வரும்?"

"எந்தக் குரூப்புபடி கேக்குறீங்கப்பா?"

பிறகுதான் வேடிக்கை. தேர்வாணையம் தன் உத்தேச விடையை வெளியிட்டு, ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் ஆதாரத்தோடு சொல்லலாம் என்றது. ஒரு கேள்வியில் தம்பி போட்ட விடை தப்பு என்று வந்திருந்தது. குழுவில் அவனுக்கும் திருநெல்வேலிப் பையன் ஒருவனுக்கும் சண்டை மூண்டது. "பக்கத்தைக் காட்டு மக்கா" என்றான் திருநெல்வேலி. தம்பி தன் நான்கு கோப்புகளையும் திறந்தான். வேண்டிய வரியின் மேல் நான்கிலும் முத்திரை. வேறு வழியில்லாமல் எதிர்வீட்டுக்குப் போய் அச்சுப் புத்தகத்தைக் கேட்டான்.

அன்று ராத்திரி தம்பி ஒரு வரியைத் தேடி இரண்டு பாடங்களை முழுசாகப் படித்தான். படித்ததை எதிராளி மடக்காதபடி தன் வார்த்தையில் எழுதினான், அடித்துத் திருத்தினான், திருநெல்வேலிக்காரன் என்ன கேட்பான் என்று யோசித்து அதற்கும் பதில் வைத்துக்கொண்டான். டீக்கடைப் பெரியவருக்குப் பிறகு அவன் யாரோடும் இவ்வளவு கவனமாகப் பேசியதில்லை. நடுவில் எங்கோ அவன் வாயும் அசைந்தது. அப்பத்தா மட்டும் தூக்கத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் படுத்தாள்.

தேடிய வரி கிடைத்தது. தேர்வாணையம் சொன்னதுதான் சரி. அதைக் குழுவில் ஒப்புக்கொள்ள ஒரு நாள் ஆனது; திருநெல்வேலி பெருந்தன்மையாக ஒரு கைகூப்பும் பொம்மையை அனுப்பியது.

மூன்றாம் நாள் அக்கா வாசலில் வந்து நின்றாள். "புத்தகத்தைக் குடுடா. செப்டம்பர் 28ல எனக்குக் குரூப் 2 இருக்கு."

"இன்னும் ரெண்டு நாளுக்கா" என்றான் தம்பி. "அடுத்த பாடத்துல ஒரு கேள்வில அவனை மடக்கணும்."